தானாக எடுக்கும் பெட்டி

அந்தப் பட்டறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவள் 'ஹலோ அக்கா'. காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவள் வாயிலிருந்து அதிகம் வருவது அந்த ஒரு வார்த்தைதான். வேலை அப்படி. லிஃப்டுக்குள் மாட்டுகிற அவசரப் பெட்டிகளைச் சோதித்து அனுப்புவது அவள் பொறுப்பு. பெட்டிக்குள் சிம் கார்டு போட்ட ஒரு மோடம், ஒரு மைக், ஒரு ஸ்பீக்கர். போன் மாதிரிதான், ஆனால் எண்ணை அழுத்தப் பொத்தான்கள் கிடையாது. கம்ப்யூட்டரோடு இணைத்து, கறுப்புத் திரையில் ATD என்று அடித்து, எண்ணை அடித்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைத்து என்டரைத் தட்டினால் அவள் மேசைமேல் இருக்கும் போன் அலறும். எடுத்து "ஹலோ, ஹலோ" என்பாள்.

அடுத்து, அந்தப் போனிலிருந்து பெட்டியைக் கூப்பிடுவாள். திரையில் RING என்று வரிசையாக விழும். ATA என்று அடித்தால் பெட்டி பேசும். ATH என்று அடித்தால் பேச்சு நின்றுவிடும். "மூணு எழுத்துல வாய மூடற ஆம்பளைய எனக்குக் காட்டுங்க பாக்கலாம்" என்று சொல்லிப் பட்டறையையே சிரிக்க வைப்பாள்.

எல்லாம் சரியாக இருந்தால் கடைசியாக ஒரு கட்டளை: முதல் மணி அடித்ததுமே பெட்டி தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். லிஃப்டில் மாட்டிக்கொண்டு வெலவெலத்துப் போயிருப்பவரிடம் போனை எடு என்று யார் சொல்வது?

அவள் கேலி செய்தது தன் வீட்டுக்காரரைத்தான். அவர் பஸ் கண்டக்டர். நிற்க இடமில்லாத வண்டியில் முன்வாசலில் நிற்பவரைப் பின்வாசலிலிருந்து அதட்டுகிற தொண்டை. ஒரு நாள் ஓடுகிற வண்டியின் படியிலிருந்து விழுந்தார். கழுத்தில் அடி. அதற்குக் கீழே எதுவும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. தலை அசையும். தொண்டை மட்டும் அப்படியே இருந்தது.

வாயால் சொன்னால் வேலை செய்கிற போன்கள் வராத காலம் அது. பக்கத்துத் தெருவிலிருந்த நாத்தனார் காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை வந்து அவருக்கு ஊட்டிவிட்டு, துணி மாற்றிவிட்டுப் போவாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா என்று இவள் ஒரு தடவை கண்கலங்கிச் சொல்ல, "நான் கூடப் பிறந்தவதாண்டி" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. மிச்ச நேரமெல்லாம் மனிதர் தனியாக உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். வேலையை விட்டுவிடுவதாகச் சொல்ல இவள் முதலாளியம்மாவிடம் போய் நின்றாள்.

அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வேலைய விட்டுட்டு? ரெண்டு பேரும் சேந்து உத்தரத்தப் பாக்கப் போறீங்களா? ஒரு பெட்டிய வீட்டுக்குக் கொண்டுபோய் வெச்சுட்டு வா. வேலைக்கு நடுவுல நாலு தடவ பேசு. யாரு கேக்கப் போறா."

கைகூப்பிவிட்டு வந்தவள் அன்றைக்கே கட்டில் தலைமாட்டில் பெட்டியை மாட்டினாள். பட்டறையிலிருந்து கூப்பிட்டால் தானாக எடுத்துக்கொண்டது. "என்னங்க" என்றால் "என்னடி" என்று கணீரென்று பதில் வந்தது. இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது ஒரு வாரம்தான். அப்புறம் அவர் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். இவள் தொண்டை வற்றக் கத்துவாள். அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். பதறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினால் மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தார்.

"ஏங்க, கத்தினது காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"அப்புறம் வாயத் திறந்தா என்ன?"

"எடுக்கவா வேண்டாமான்னு யாராவது என்னைக் கேட்டாங்களா? தூங்கறேனா, அழறேனா, அக்கா எனக்குத் துணி மாத்தறாளா, ஒண்ணும் பாக்காம அது பாட்டுக்கு எடுத்துடுது. நான் என்ன லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவனா? கழட்டி எடுத்துட்டுப் போ."

இவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பெட்டியைக் கழற்றினால் வேலை போச்சு. அதற்காகவா முதலாளியம்மா அவ்வளவு பெரிய மனசு பண்ணினாள்? வெடுக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் சொன்னதில் தப்பே இல்லை. லிஃப்டுக்குப் போடுகிற கட்டளையை அப்படியே கொண்டுவந்து புருஷனுக்கும் போட்டிருக்கிறாள். கையோடு பழகிவிட்ட வேலை, யோசிக்கவே தோன்றவில்லை.

மறுநாள் முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். மூலையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றும் வீட்டுக்கு வந்தது. அதில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினாள். தலையணை ஓரத்தில், கன்னத்தைச் சாய்த்தால் அழுந்துகிற மாதிரி ஓர் அகலப் பொத்தானைப் பொருத்தினாள். மணி அடிக்கும்போது அழுத்தினால் ATA போகும். பேசும்போது அழுத்தினால் ATH. சும்மா இருக்கும்போது அழுத்தினால் ATD, கூடவே இவள் மேசை எண். தானாக எடுக்கிற கட்டளையை அவர் கண்ணெதிரிலேயே நீக்கினாள்.

"நான் எடுக்கலைன்னா?" என்றார்.

"எடுக்காதீங்க."

"பதறமாட்டியே?"

"பதறுவேன். அது என் பாடு. நீங்க கண்டுக்காதீங்க."

அடுத்த நாள் மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூப்பிட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஓய்ந்தது. பொத்தான் நழுவிவிட்டதோ, மூச்சு ஏதாவது திணறுகிறதோ, ஒருவேளை கோபம் இன்னும் ஆறவில்லையோ. நாத்தனாரைக் கூப்பிடப் போனவள் விரலை மடக்கிக்கொண்டாள். எடுக்காதீங்க என்று சொன்னது இவள்தானே. அடுத்த பெட்டியை இழுத்து இணைத்தாள்.

மேசைப் போன் அலறியது. இணைத்த பெட்டிக்கு இன்னும் எந்தக் கட்டளையும் அடிக்கவில்லை என்பதுகூட உறைக்காமல் எடுத்து, பழக்கத்தில் "ஹலோ, ஹலோ" என்றாள்.

"ஒரு ஹலோ போதும். நான்தான்."

"நான் கூப்பிட்டப்ப ஏங்க எடுக்கல?"

"எடுத்திருந்தா அது நீ கூப்பிட்டதாயிடும். இது நான் கூப்பிட்டது." அப்புறம் அவரே கேட்டார்: "சாப்பிட்டியா?"

அவர் விழுந்த நாளிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லாரும் அந்தக் கேள்வியை அவரைப் பார்த்துத்தான் கேட்டார்கள். அவளை யாரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று அவளுக்கும் தோன்றியதில்லை.

"இல்லீங்க, இனிமேதான்."

"அப்ப போய்ச் சாப்பிடு. நான் வெக்கறேன்."

வைத்துவிட்டார். அவள் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து முதலாளியம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன ஆச்சு? யாரு போன்ல?"

"எங்க வீட்டுக்காரருங்கம்மா" என்றாள். "அவரே கூப்பிட்டாரு."