சம்மதமா, இருமலா?

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு மண்டியில் டைப்பிஸ்டாக இருந்தேன். எங்கள் முதலாளி வேலைக்காரர்களிடம் வாய் திறந்து பேசமாட்டார். பேச்செல்லாம் வியாபாரிகளுக்கு, எங்களுக்கு வெறும் தொண்டைதான். ‘ம்’ என்பார், ‘ச்சு’ என்பார். அதற்குப் பொருள் சொல்லத்தான் பெரிய குமாஸ்தாவை வைத்திருக்கிறார் என்று நாங்கள் நம்பினோம்.

என் கல்யாணத்துக்கு நான்கு நாள் லீவு கேட்டேன். முதலாளி தலை நிமிராமல் "ம்க்கும்" என்றார்.

வெளியே வந்து பெரிய குமாஸ்தாவிடம் சொன்னேன். "சம்மதம்தான் மோளே. கடைசியில ஸ்வரம் மேல போச்சுல்ல?" என்றார்.

அதை நம்பிக் கழுத்தை நீட்டினேன். ஐந்தாம் நாள் தாலியோடு வந்து பார்த்தால் என் நாற்காலியில் வேறொரு பெண். நான் சொல்லாமல் போய்விட்டேனாம்.

யூனியன்காரச் சேட்டன் ஒருவர் என்னைப் படகில் எர்ணாகுளத்துக்கு, தொழிலாளர் அதிகாரியிடம் அழைத்துப் போனார். விசாரணைக்கு முதலாளியும் வந்தார். அவருடைய சாட்சி, பெரிய குமாஸ்தா!

"முதலாளி எந்தா பறஞ்சது?" என்று அதிகாரி என்னைக் கேட்டார்.

"ம்க்கும்."

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைத் தூக்கிவிட்டார். "சாறே, இதெங்ஙனெ எழுதும்?"

முதலாளிக்கு அன்று பேச்சு சரளமாக வந்தது. "நான் எதுவுமே சொல்லல சார். மிளகுத் தூசி, தொண்டையைச் செருமினேன். இருமினா அது உத்தரவாயிடுமா?"

அதிகாரி என்னைச் செய்துகாட்டச் சொன்னார். கல்யாணப் பட்டுப்புடவையில் நின்றபடி மூன்று முறை செருமினேன். உடம்பெல்லாம் கூசியது. இருமலேதான் என்றார் பியூன். எழுதுகிறவர் தும்மல் என்றார்.

பெரிய குமாஸ்தா எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "வெறும் இருமல்தான் சார். முதலாளி இருமுறதுக்கெல்லாம் நாங்க யாரும் அர்த்தம் எடுக்கறதில்ல. இருபது வருஷத்துல ஒரு தடவைகூட நான்..."

பேச்சு நீள்வதைப் பார்த்து முதலாளி, "க்ஹும்" என்றார்.

குமாஸ்தா சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் உட்கார்ந்தீங்க?" என்றார் அதிகாரி.

"முதலாளி உக்காரச் சொன்னாரே, சார்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அதிகாரி ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார்.

வேலை திரும்பக் கிடைத்தது. அதற்குப் பின் முதலாளி எங்கள் முன்னால் இருமவே பயந்தார். தொண்டை கமறினால் முகம் சிவக்கத் தெருவுக்கு ஓடுவார். அங்கே அவர் இருமினால் கைவண்டிக்காரர்கள், வழிவிடச் சொல்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள்.