கழுவி அடுக்கிய சொட்டுநீர்க் குழாய்கள்

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும், மார்ச் மாதம். ஜவளகிரிப் பக்கம் எங்கள் அரை ஏக்கரில் தக்காளி போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்திருந்தோம். முழு விலையையும் நாங்களே கட்டிவிட வேண்டும். தோட்டக்கலை ஆபீசர் வந்து பார்த்து எழுதினால் பாதி மானியமாகத் திரும்ப வரும். என் வீட்டுக்காரர் ஓசூரில் தான் வேலை பார்த்த கம்பெனியில் லோன் போட்டுத்தான் கட்டினார். மானியம் வந்தால்தான் அந்த லோன் அடையும்.

"நாளைக்கு ஆபீசர் வர்றார்" என்று தகவல் வந்தது. வீட்டுக்காரருக்கு அன்று ஷிப்ட். நான் என்ன செய்தேன் தெரியுமா? முன்பு மாட்டு லோனுக்காக பேங்க்காரர் பார்க்க வந்தபோது, மாட்டைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்து நிறுத்தியிருந்தோம். வந்தவர் மெச்சிவிட்டுப் போனார். அந்த நினைப்பில், வயலில் கிடந்த குழாய்களையெல்லாம் உருவி, மண் போகத் தேய்த்துக் கழுவி, வட்டவட்டமாகச் சுருட்டி வாசலில் அடுக்கிவிட்டேன். மேலே மஞ்சள் குங்குமம் வேறு! என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமை தாங்கவில்லை.

மறுநாள் பதினோரு மணிக்கு ஜீப்பில் வந்திறங்கிய ஆபீசர் வயலைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ஏம்மா, பைப்பு புதுசாட்டம் பளபளங்குது. வயல்ல போடவே இல்ல. யாருகிட்ட வாங்கியாந்து அடுக்கி வெச்சீங்க?"

சில ஊர்களில் ஒரே குழாயை வயல் வயலாகத் தூக்கிப்போய்க் காட்டுவார்களாம். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தால் பிறந்த வீட்டுக் கன்னடம்தான் வாயில் வரும். "நானேன் கள்ளீனா சார்?", நான் என்ன திருடியா என்று கத்திவிட்டேன். அடுத்த நொடியே அழுகையும் வந்துவிட்டது. "நீங்க வர்றீங்கன்னுதாங்க சார் ராத்திரி வரைக்கும் தேச்சுக் கழுவுனேன்" என்றேன். சொல்லும்போதே எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று உறைத்தது. யார்தான் நம்புவார்கள்?

அவர் பேனாவை எடுத்தார், என்னவோ யோசித்தார், அதைப் பைக்குள் போட்டுவிட்டு வயலில் இறங்கினார். ஒரு தக்காளிச் செடி அருகே உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தார். அடுத்த செடி, அதற்கடுத்த செடி என்று வெயிலில் தவழாத குறையாகப் போனார். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. ஒவ்வொரு செடியின் அடியிலும் சொட்டு விழுந்த இடத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் பூத்திருந்தது. செடிக்கும் செடிக்கும் நடுவில் எல்லாம் காய்ந்த புழுதி. வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சிய வயலில் அப்படி வராது.

எழுந்து வந்தவர், "தப்பா நெனச்சிட்டேம்மா" என்றார். என்னிடம்! ஓர் ஆபீசர்!

"ஆனா தண்ணி சொட்டறத போட்டோ எடுக்கணும். இன்னிக்கு எழுதலன்னா இந்த வருஷ மானியம் போயிடும்" என்றார். பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் நின்றுவிடும். குழாய்களைத் திரும்ப இழுத்துப் போட, பக்கத்து வயலில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் கூப்பிட்டேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார்கள். "ஏன்க்கா, செடிக்கும் தலைவாரிப் பூ வெச்சிருக்கலாமில்ல?" என்று ஒருத்தி கேட்க, ஆபீசரும் சிரித்துவிட்டார். பேன்ட்டை மடித்துவிட்டு அவரே ஒரு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தார். ஜீப் டிரைவரும் சேர்ந்துகொண்டார். மோட்டாரைப் போட்டு, முதல் சொட்டு விழுந்து, போட்டோ எடுத்து முடித்தபோது கரண்ட் போக ஐந்து நிமிடம்கூட இல்லை.

மானியம் வந்தது, லோனும் அடைந்தது. கழுவிய கதையைச் சொல்லி வீட்டுக்காரர் இன்னும் என்னை ஓட்டுகிறார்; சிரித்துக்கொள்கிறேன். ஆனால் யாரைப் பற்றியாவது தப்பாகப் பேச வாய் துடிக்கும்போதெல்லாம், என்னைச் சந்தேகப்பட்ட அதே மனிதர் அது சரிதானா என்று புழுதியில் மண்டியிட்டுப் பார்த்தது கண்முன் வந்துவிடும், நான் வாயை மூடிக்கொள்வேன்.