உப்பேறிய வயலில் பச்சையாக நின்ற நெல்

இன்று சிலாவத்துறையிலிருந்து மன்னாருக்குப் போகும் பஸ்ஸில், விவசாயக் கந்தோர் அதிகாரிகளிடம் காட்ட, என் வயலில் பிடுங்கிய இரண்டு நெற்பயிர்களை மடியில் வைத்திருந்தேன். ஒன்று நுனி கருகியது, மற்றது பச்சை.

பக்கத்தில் இருந்த பேசாலை ஊர் அக்கா ஒருவர், “தண்ணி காணாமலோ கருகினது?” என்று கேட்டார்.

“தண்ணி நிக்குது அக்கா. கடல் ஏறி மண் உப்பாப் போச்சு. உப்புப் போட்டா மீன் தண்ணி விடுறதெல்லோ? அப்பிடித்தான், வேரால தண்ணி இழுக்க ஏலாது.”

“அப்ப நீங்கள் கருவாட்டையெல்லோ நட்டிருக்கிறீங்கள்.”

முன் சீற்றில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் பச்சைப் பயிரைத் தொட்டுப் பார்த்தார். “இது எப்பிடித் தப்பினது?”

“அதே வயல்தான். சில பயிர் உப்பை இலைக்கு ஏற விடாதாம். தனக்குள்ள புரோலின் எண்டொரு பொருளைக் கூடச் செய்து தண்ணியைப் பிடிச்சு வைக்குமாம். கந்தோரில காட்டிக் கேக்கப் போறன்.”

“அவையும் கைவிரிச்சா?”

“பச்சையா நிக்கிறதை விளைய விட்டு, அந்த நெல்லையே விதைப்பன். அதிலயும் கருகினா, மிஞ்சினதை விதைப்பன். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, காடு வெட்டித் திருத்தின காணி அக்கா. விடமாட்டன்.”

அக்கா பயிர் கசங்காமல் இருக்கத் தன் பையை நகர்த்தி வைத்தார்.

காணியை விற்றுவிடு என்று சொல்ல விரும்புகிறவர்கள் இந்தப் பதிவின் கீழே கருத்துப் பகுதியில் வரிசையில் வாருங்கள். முதல் ஆளாக என் சொந்த அண்ணன், எங்கள் மூத்த நாநா நிற்கிறார்.