அப்பாவின் காதில் விழுந்த பாதி

போன மாசம் எங்கள் வீட்டில் ஒரு கூத்து. மலேசியாவில், சிரம்பான் பக்கத்து ராசா என்ற ஊரில் மகனோடுதான் இருக்கிறேன். மருமகள் சமையலறையிலிருந்து, "நேத்து ரசம், கொட்டிடவா அத்தை?" என்று கேட்டிருக்கிறாள். எனக்கு, "மரம் வெட்டவா அத்தை?" என்று விழுந்தது. "உனக்குக் கத்தி பிடிக்கத் தெரியுமாடி?" என்று நான் கேட்க, பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியே வளர்ந்த புத்தி, வேறு எங்கே போகும்? மகன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாளே காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

டாக்டர் சின்னப் பொண்ணு, நம்ம தமிழ்ப் பொண்ணுதான். பொறுமையாகச் சொன்னாள். "வயசானா காதுல மெல்லிசான சத்தம்தான் மொதல்ல போகும்மா. 'ஸ', 'ச' எல்லாம் நழுவிடும். இடி, நாய் குரைக்கிறது, லோரி சத்தம் நல்லாவே கேக்கும். காதுலேருந்து மூளைக்குச் சேதி கொண்டு போற ரசாயனமும் கொறையும். ஆனா மூளை சும்மா இருக்காதுலா. விட்டுப்போன எடத்துல, தனக்குப் பழக்கமான வார்த்தையைப் போட்டு ரொப்பிடும். கூட்டத்துல, சத்தத்துல இன்னும் மோசம்."

"ஏம்மா அழறீங்க? மெஷின் வெச்சா சரியாயிடும்" என்றாள். எனக்காகவா அழுதேன்?

வெள்ளைக்காரன் இங்கே கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலத்தில் நான் வயசுக்கு வந்த பெண், அப்பாவோடு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தேன். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி. வீட்டில் அரிசி வைத்துக்கொள்ளக் கூடாது. பொதுக் கொட்டகையில் ஆக்கிக் கொடுக்கும் சோற்றைத்தான் வாங்கித் தின்ன வேண்டும். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாதாம். விடிந்ததும் பெரட்டு, அதாவது பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அது முடிந்து ரப்பர் காட்டுக்கு வேலைக்குப் போகும் வழியில் கேட்டில் சோதனை. மடியைத் தடவுவான், வாளியைக் கவிழ்ப்பான், அரிசி இருக்கிறதா என்று கேட்பான்.

அப்பாவுக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா என்ன சொன்னாலும் "சரி, சரி" என்பார். "இந்த மனுசனுக்கு வேண்டியது மட்டும்தான் காதுல விழும்" என்று அம்மா திட்டுவாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். லோரி வந்தால் முதலில் திரும்பிப் பார்ப்பவர் அவர்தானே, செவிடு என்று எப்படி நினைப்பது? வேலை வாங்கும் மண்டோரிடமும் துரையிடமும் "என்னங்க?" என்று இரண்டு தடவை கேட்டால் ஏச்சு விழும். ஆமாம் போட்டுவிட்டால் வம்பில்லை. பாவம், அப்படிப் பழகிவிட்டார்.

கேட்டில் ரொம்ப நாளாக இருந்த காவல்காரன் பக்கத்துக் கம்பத்து ஊரைச் சேர்ந்த மலாய்க்காரன். அரிசியை இந்தப் பக்கத்து வழக்கப்படி "போரே" என்பான். அப்பா தலையை ஆட்டி "இல்லை" என்பார், போய்விடுவோம். அன்றைக்குப் புதிதாக ஒருத்தன் நின்றான். வேறு மாநிலத்துக்காரன். "பெராஸ் அடா?" என்றான். அரிசி இருக்கா என்று அர்த்தம்.

அப்பாவுக்கு அந்த 'ஸ்' விழவில்லை. பெரட்டு என்று எடுத்துக்கொண்டார். பெரட்டுக்குப் போனாயா என்றுதானே கேட்கிறான்? "அடா, அடா. சூடா" என்றார். இருக்கிறது, முடிந்தது என்று.

அவன் முகம் மாறியது. "பாகி சியாப்பா?" என்றான். யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்கிறான். பாகி என்பதை மெல்ல உச்சரித்தால் கொடுப்பது, அழுத்திச் சொன்னால் காலை நேரம். நம்ம காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்பா சிரித்த முகமாக, "பாகி, பாகி. ஹாரி ஹாரி" என்றார். காலையில்தான், தினமும் என்று சொன்னதாக அவர் நினைப்பு. கொடுக்கிறேன், தினமும் கொடுக்கிறேன் என்று அவன் காதில் விழுந்தது.

பெண்கள் வரிசையிலிருந்து, "அப்பா, அரிசியைக் கேக்குறான்! இல்லைன்னு சொல்லுங்க!" என்று கத்தினேன். அவர் என் பக்கம் திரும்பி, "சரி, சரி" என்றார். மடியில் ஒரு மணி அரிசி இல்லை. இருந்தும் லோரியில் ஏற்றி சிரம்பான் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

எங்கள் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி நல்ல மனுசன். ஸ்டேஷனுக்கே போய், அவருக்குக் காது மந்தம் என்று சொல்லிப் பார்த்தார். அதிகாரி அப்பாவுக்குப் பின்னால் நின்று மேசையை ஓங்கித் தட்டினானாம். அப்பா துள்ளித் திரும்பினார். "நடிக்கிறான்" என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கப்புறம் கேட்டதற்கெல்லாம் அவர் வழக்கம்போல ஆமாம் போட்டிருக்கிறார். கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. பொடியனாக விட்டுவந்த ஊர். அங்கே அவருக்கு யார் இருக்கிறார்கள்?

குடும்பமும் கூடப் போகலாம், பேர் கொடுக்க வேண்டும் என்று கிராணி சொன்னார். அம்மா ஒரே மூச்சில் முடிவெடுத்துவிட்டாள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேர் கொடுப்பது என்று, இருந்ததில் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு அவரை அடைத்து வைத்திருந்த முகாமுக்குப் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். சந்தை தோற்றது. அப்பா இளைத்துப் போயிருந்தார். பேச்சு ஓடவில்லை, ஓடிய கொஞ்சமும் கூச்சலில் போனது. நேரமாச்சு என்று காவல்காரன் விரட்டியபோதுதான் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"நாங்களும் வர்றோம்!"

அப்பா எங்களை மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார். "சரி, சரி. போயிட்டு வாங்க" என்று கையை உயர்த்தினார்.

அம்மா இரண்டாம் தடவை கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சேலையை உருவிப் போட்டுவிட்டு, "வேணாம்னுட்டாரு. அங்க எவ காத்துக்கிட்டிருக்காளோ" என்றாள். பேர் கொடுக்கவில்லை. கப்பல் போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் போய்ச் செத்த சேதிகூட சுற்றிச் சுற்றித்தான் வந்தது. அம்மா அதற்கும் அழவில்லை. சாகும்வரை அவர் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். நானும் இத்தனை வருசமாக அவரை நெஞ்சில் கல்லுள்ள ஆள் என்றே நினைத்திருந்தேன்.

டாக்டர் பொண்ணு பேசிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்த வேலிதான் தெரிந்தது. 'நாங்களும்' என்பது கூச்சலில் போயிருக்கிறது. அவருக்கு விழுந்தது வெறும் 'வர்றோம்'. கிளம்பும்போது நம்மில் யார் 'போறோம்' என்று சொல்கிறோம்? வர்றோம் என்றுதானே சொல்கிறோம். விடைபெறுகிறார்கள் என்று நினைத்து, மனுசன் சிரித்த முகமாக விடை கொடுத்திருக்கிறார்.

இருபது வருசம் குடும்பம் நடத்தினவள், கூட வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே என்று அவரும் அங்கே நினைத்துக்கொண்டே கிடந்திருப்பார்.