அட்வான்ஸ் மொட்டை

சென்னியப்பன் அங்கிள் இன்று காலை இறந்துவிட்டார். கணையத்தில் கேன்சர்.

நம் ஃபுட்பால் வாட்ஸ்அப் குரூப்பில் காலையிலிருந்து எல்லோரும் "என்ன இப்படித் திடீர்னு?" என்று கேட்கிறீர்கள். திடீரென்று இல்லை... அந்த மொட்டை பழனி முருகனுக்குப் போட்டதில்லை. கீமோவில் கொட்டியது.

எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லாதே என்றிருந்தார். இனிமேல் சொல்லலாம் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

குரூப்புக்குப் புதிதாக வந்து அவரைத் தெரியாதவர்களுக்கு... காங்கேயம் பக்கம். டெக்சாஸ் வந்து ரொம்ப வருஷம். மகள் எங்கள் காலேஜில் படித்து முடித்து, வேலை கிடைத்து, சியாட்டில் போய்விட்டாள். காலேஜ் டீமின் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம் மட்டும் இவரிடமே தங்கிவிட்டது.

அதே காலேஜைப் பாதியில் விட்டவன் நான். எந்த வீட்டுக்குப் போனாலும் ஆன்ட்டிகள் "அடுத்து என்னப்பா பிளான்?" என்பார்கள். இவர் கேட்டது வேறு. "ஏங்கண்ணு, காலேஜத்தான விட்ட... மேட்ச விடலயே?"

அன்றிலிருந்து எங்கள் ஊர் ஸ்டேடியத்தில் நடக்கும் ஹோம் கேம் எதுவானாலும் என் காரில்தான் வருவார்.

இந்த சீசன் தொடங்குவதற்கு முன்னால் என்ன ஆட்டம் ஆடினோம்! டிவியில் பேசியவன் எல்லாம் நம் டீமைத் தலையில் தூக்கி வைத்தான். முதல் மேட்ச் அன்று ஸ்டேடியம் பார்க்கிங் லாட்டில் அடுப்பைப் போட்டு சிக்கன் 65 பொரித்துக்கொண்டே அங்கிள் கத்தினார். "இந்த வருசம் சாம்பியன்ஷிப் அடிச்சா பழனிக்கு மொட்டைங்க!"

அப்புறம் தோற்க ஆரம்பித்தோம். ஜெயிக்க வேண்டிய மேட்சை எல்லாம் கடைசிக் குவார்ட்டரில் தூக்கிக் கொடுத்தோம்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தார். குரூப் அட்மின் கார்த்திக் அண்ணா விழுந்து விழுந்து சிரித்தார். "என்னண்ணா, ஜெயிக்கறதுக்கு முன்னாடியே மொட்டையா?"

"அட்வான்ஸுங்க. முருகனுக்கும் கொஞ்சம் பிரஷர் குடுக்கோணுமல்ல?"

எல்லோரும் சிரித்தோம்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் "நிறுத்து கண்ணு" என்றார். ஓரமாக நிறுத்தினேன். கதவைத் திறந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, ஸ்கோர் சொல்வது மாதிரி சொன்னார்... எங்கே இருக்கிறது, எவ்வளவு பரவியிருக்கிறது, டாக்டர் என்ன சொன்னார். அடுத்த சீசன் அவருக்கு இல்லை.

"உங்க ஆன்ட்டிக்கும் பாப்பாவுக்கும் தெரியும். நம்ம பசங்களுக்கு வேண்டாம்."

"ஏன் அங்கிள்?"

"தெரிஞ்சா மேட்சப் பாக்க மாட்டானுங்க, என்னையப் பாப்பானுங்க. இந்த ஒரு சீசன் பசங்களோட உக்காந்து கத்திட்டுப் போயிர்றேன் கண்ணு. வேற ஒண்ணும் வேண்டாம்."

அதற்குப் பிறகும் பார்க்கிங் லாட்டில் அவர்தான் பொரித்தார். எண்ணெய் வாசனையே ஆகாது. ஒவ்வொரு தடவை சிக்கனை எண்ணெயில் போட்டதும் என் காருக்குப் பின்னால் போய் நின்றுவிட்டு வருவார். யாரும் கவனிக்கவில்லை, எல்லோரும் கோச்சைத் திட்டுவதில் பிஸி. திரும்பி வந்து அவரும் சேர்ந்துகொள்வார். "இவனத் தொரத்தறதுக்கும் காண்ட்ராக்ட்டுப்படி கோடி கோடியாக் குடுக்கோணுமாம், கேட்டீங்களா அநியாயத்த!"

தோற்கத் தோற்கக் குரூப்பில் பேச்சு மாறியது. கோச்சைத் திட்டினீர்கள். பந்து வீசும் குவார்ட்டர்பேக் பையனைத் திட்டினீர்கள். கடைசியில் அங்கிள் தலைக்கு வந்து சேர்ந்தது. ஜெயிக்காமலே மொட்டை போட்டது சாமி குத்தமாம். அவர் கால் வைத்தாலே தோல்வியாம். முதலில் ஜோக்காகத்தான் இருந்தது. அப்புறம் இல்லை.

கடைசி ஹோம் கேமுக்கு முந்தின நாள் கார்த்திக் அண்ணா குரூப்பிலேயே வாய்ஸ் மெசேஜ் போட்டார். "அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க... இந்த ஒரு மேட்ச் மட்டும் வீட்லயே டிவில பாருங்களேன், ப்ளீஸ்." அதற்குக் கீழே வரிசையாகத் தம்ஸ் அப்.

எல்லாவற்றையும் டைப் பண்ண ஆரம்பித்தேன். அதற்குள் அவரே போன் பண்ணினார்.

"எதாச்சும் போட்டுத் தொலைச்சிராத கண்ணு. நாளைக்கு வண்டியக் கொண்டா. மேல் வரிசைல வேற டிக்கெட் எடுத்துக்கலாம்."

போனோம். தன் சீட்டை விட்டுவிட்டு உச்சியில் போய் உட்கார்ந்தார், உங்கள் யார் கண்ணிலும் படாமல். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார்.

தோற்றோம். கேவலமாக. மூன்றாவது குவார்ட்டரிலேயே பாதி ஸ்டேடியம் காலி. எங்கள் வரிசையில் நாங்கள் இரண்டு பேர்தான். குரல் வரவில்லை, ஆனாலும் கத்தினார். "பன்னெண்டு யார்டு வேணும்... பந்த வீசாம நடுவுல பூந்து ஓடறான் பாரு, கூறு கெட்டவன்!"

"அண்ணா வராமயே தோத்துட்டோமே" என்று குரூப்பில் யாரோ போட்டார்கள். படித்துக் காட்டினேன். சத்தமில்லாமல் ரொம்ப நேரம் சிரித்தார்.

இறங்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டீம் ஜெர்சி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் அவர் தோளைத் தட்டி, "நெக்ஸ்ட் இயர், மை ஃப்ரெண்ட்" என்றார்.

"எஸ், எஸ்... நெக்ஸ்ட் இயர்." இவரும் அந்த ஆள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

காருக்கு வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "எதுக்கு அங்கிள் அந்த ஆள்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். "பின்ன என்னத்தச் சொல்றது... அவனுந்தான் தோத்துட்டுப் போறான்."

கார்த்திக் அண்ணா, அவருக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. எனக்கு இருக்கிறது.

சனிக்கிழமை ஃப்யூனரல்.

வரேன் அங்கிள்... கார்ல நான் மட்டும்தான்.