நான்காவது பாட்டின் நடுவில்

ஞாயிறு மதியம் பெக்கான் நானாஸ் வீட்டில் தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் ஒரு ரசிகர் குழுவைப் படித்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் வந்த ஒரு மலாய் ராக் குழுவின் முதல் ஆல்பத்தை மறுபடி எடைபோட்டுக்கொண்டிருந்தார்கள். நான்காவது பாட்டின் நடுவில் வரும் கிட்டார்தான் உச்சம் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். எனக்கு அந்தக் கிட்டாரே தெரியாது.

எங்களிடம் இருந்த அந்த ஆல்பத்தின் கேசட், அண்ணன் தன் கூட்டாளியிடம் வாங்கிப் பதிவு செய்தது. அப்போது அவனுக்குத் தோள்வரை முடி. நானும் அவனும் அதை ரேடியோவில் போட்டுக் கூடத்தில் தலையைச் சிலுப்பி ஆடிக்கொண்டிருந்தபோது, அன்னாசித் தொழிற்சாலையிலிருந்து அம்மா வந்தாள். அந்தப் புளிப்பு வாடையோடு ரேடியோவை நிறுத்தப் போனவள், பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

“அலமாக், எப்படிடா இத அடைக்கிறது? சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்கடா!”

கிட்டார் அழிந்து, அம்மா பதிவாகிவிட்டாள்.

“இனிமே இதத் தொடாதம்மா!” என்று கத்தியது அண்ணன் இல்லை, நான்தான். அதற்குப் பிறகு அவள் அந்த ரேடியோவைத் தொடவே இல்லை. கேசட் பூஞ்சை பிடித்துப் போனது. அம்மாவும் போய்விட்டாள். அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறான், தீபாவளிக்குத்தான் பேசிக்கொள்வோம்.

இன்று அந்தப் பாட்டைத் தேடி முழுசாகக் கேட்டேன். கிட்டார் நன்றாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையும் எழுதாமல் அண்ணனுக்கு அதை அனுப்பினேன்.

பாட்டைக் கேட்டு முடிக்கும் நேரம் கழித்து அவனிடமிருந்து ஒரே வரி வந்தது.

“அம்மா எங்கடா?”