பூனை பெய்த இடங்கள்

எங்கள் வீட்டுப் பூனை முதன்முதலாக அசிங்கம் செய்தது ஃபிரிட்ஜில். உள்ளே அல்ல, பக்கவாட்டில். நான் தோசைமாவு எடுக்கப் போயிருந்தேன். என் கண்ணெதிரிலேயே அது ஃபிரிட்ஜுக்கு முதுகைக் காட்டி நின்றது. வாலைச் செங்குத்தாகத் தூக்கியது. வால்நுனி லேசாக நடுங்கியது. பின்பக்கமாக ஒரே பீச்சு. பிறகு, கையெழுத்துப் போட்டு முடித்த தாசில்தார் மாதிரி என்னை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு நடந்து போய்விட்டது.

அதற்கு அப்போது ஒரு வயது இருக்கும். கோவில்பட்டியில் நான் ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். கடையின் பின்பக்கம், காலி அட்டைப்பெட்டிக்குள் ஒரு தாய்ப்பூனை ஈன்றுவிட்டுப் போன குட்டி அது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு சாயங்காலம் கடைக்கு வந்தவள், அதை முந்தானையில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டாள். எங்கள் மகள் அந்த வருஷம்தான் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போயிருந்தாள். மகள் இல்லாத வெறுமையை நிரப்பப் பூனை வந்தது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், வீட்டில் எலித் தொந்தரவு.

சாம்பல் நிறம், கழுத்தில் மட்டும் வெள்ளை. கடுவன். பெயர் ஒன்றும் வைக்கவில்லை. என் மனைவி 'தங்கம்' என்பாள். என் அப்பா 'மூதி' என்பார்.

அப்பா எங்களோடு வந்து சேர்ந்ததும் அது ஃபிரிட்ஜில் பெய்த அதே தை மாதத்தில்தான். அம்மா போனபிறகு இரண்டு வருஷம் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுப் பார்த்தார். அதற்குமேல் முடியவில்லை. நூல் மில்லில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபோர்மேனாக இருந்தவர். கஞ்சி போட்ட வேட்டியில் ஒரு மடிப்புக் கலைந்தாலும் அன்றைய நாளே கெட்டுவிட்டதாக நினைப்பவர். எழுபத்தாறு வயதிலும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் மில்லுக்குள் நுழைந்த மாதிரிதான் நாலு மூலையையும் பார்த்தார். நாலாவது மூலையில் பூனை உட்கார்ந்திருந்தது.

"வீட்டுக்குள்ள மிருகத்த வச்சிருக்கியளே, இது எங்கன போவும்?"

"வெளிய போய்ட்டு வந்துரும் மாமா. அதுக்கு எல்லாம் தெரியும்" என்றாள் என் மனைவி.

அன்று மாலையே அது அவருடைய டிரங்குப் பெட்டிமேல் பெய்தது.

அதன்பிறகு அது பெய்யாத இடம் இல்லை. பீரோ, செருப்பு ஸ்டாண்ட், கதவு, நான் ஒரு கல்யாணத்துக்குப் போக எடுத்துவைத்திருந்த சட்டை. சென்னையில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பக் கடலைமிட்டாய் வாங்கி ஒரு பெட்டியில் கட்டி வைத்திருந்தேன். அதன்மேலும் பீச்சிவிட்டது. உள்ளே பிளாஸ்டிக் உறை கிழியாமல்தான் இருந்தது. பெட்டியைத் துடைத்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, வேறு காகிதம் சுற்றி அனுப்பினேன். அவர் போன் செய்து, "இந்தத் தடவை ஏலக்காய் தூக்கலா இருக்கு" என்றார்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. முதலில் ஃபினாயில் ஊற்றிக் கழுவினோம். ஏதோ இன்னொரு கடுவன் வந்து எல்லை போட்டுவிட்டதாக எண்ணிக்கொண்டு, நம்ம ஆள் அதன்மேலேயே மறுபடி பெய்தது. எலுமிச்சைத் தோல் போட்டோம். அதை உருட்டி விளையாடியது. பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் பூனைகளுக்கு ஒரு பெட்டியில் களிமண் போட்டு வைப்பார்களாம், ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடுமாம். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஈரத்தை உறிஞ்சும் களிமண்ணா? இந்தக் கரிசல்காடு முழுக்க அதுதானே! ஊரே ஒரு பூனைக் கக்கூஸ்மேல்தான் இத்தனை காலமாக உட்கார்ந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்கு வெளியே போய் ஒரு சாக்குக் கரிசல் மண் அள்ளி வந்து, பெட்டியில் நிரப்பினேன். பூனையும் மரியாதையாக இறங்கி, தோண்டி, ஒன்றுக்கு இருந்தது. ஆனால் கரிசல் நனைந்தால் எப்படி ஒட்டும் என்பது இங்கே ஒரு மழைக்காலம் நடந்தவனுக்குத் தெரியும். நாலு காலிலும் கறுப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு வெளியே வந்தது. வெள்ளை டைல்ஸ், கட்டில், என் தலையணை என்று ஊர்வலம் போனது. பிறகு பக்கத்தில் வீடு கட்டுபவர்களிடம் எம்-சாண்ட் வாங்கிப் போட்டேன். அது ஒத்துக்கொண்டது. ஆனால் சுவரில் பீச்சுவது மட்டும் நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மெத்தை விவகாரம் ஆரம்பமானது. அப்பா முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். ஒருநாள் காலையில் நான் காபி கொண்டுபோனபோது கட்டிலுக்கு அருகே நின்றுகொண்டிருந்தார். விரிப்பில் பெரிய ஈரம்.

"பாத்தியாலே, ஒன் பூனை செஞ்ச வேலைய" என்றார். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஓங்கியிருந்தது.

நான் செருப்பை எடுத்து வீசினேன். ஜன்னலில் முகம் கழுவிக்கொண்டிருந்த பூனை, சலிப்போடு இறங்கிப் போனது. அடுத்த வாரம் இரண்டு முறை. அதற்கடுத்த வாரம் மூன்று முறை. சுவரில் பீச்சியது போதாதென்று மெத்தையில் குளம் கட்டவும் கற்றுக்கொண்டது என்று முடிவு செய்தேன்.

கம்பிக் கூடையில் அடைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஆடுகளும் ஒரு சினைமாடும் காத்திருந்தன. டாக்டரம்மா நம்ம பக்கத்துப் பெண்தான். விவரம் கேட்டார்.

"செவுத்துல நின்னுக்கிட்டு பீச்சுதா, தரையில குத்தவச்சுப் பெய்யுதா?"

"ரெண்டும் டாக்டர். செவுத்துலயும் பீச்சுது, எங்கப்பா மெத்தையிலயும் பேஞ்சு வைக்குது."

"மெத்தையில எம்புட்டு இருக்கும்?"

நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவர் என் கைகளையும் பூனையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இந்த உடம்புல அம்புட்டு மூத்திரம் ஏது அண்ணாச்சி?"

"எங்க பூனை நிறையத் தண்ணி குடிக்கும் டாக்டர்" என்றேன், ஏதோ பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று சொல்வதுபோல.

"சரி, மொதல்ல காயடிச்சு விடுவோம். செவுத்துல அடிக்கறது நின்னுரும். மெத்தை நிக்கலைன்னா திரும்பக் கொண்டுவாங்க."

காயடித்துக் கொண்டுவந்த அன்று பூனை மயக்கம் தெளியாமல் தள்ளாடியது. சுவரில் முட்டிக்கொண்டது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயிரம் இருந்தாலும் ஆம்பளப் பய" என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு இவ்வளவு ஈரமனசு என்று எனக்கு அதுவரை தெரியாது.

டாக்டரம்மா சொன்னபடியே ஒரு மாதத்தில் சுவர்கள் காய்ந்தன. மெத்தை காயவில்லை.

இது வஞ்சம் என்று நான் தீர்மானித்தேன். அறுத்ததற்குப் பழிவாங்குகிறது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள்: தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடு. கயத்தாறில் லாரிகள் நிற்கிற இடத்தில் பரோட்டாக் கடைகள் இருக்கின்றன, எலும்புக்குப் பஞ்சமில்லை, ஒரு பூனை ராஜாவாக வாழலாம் என்றார் ஒருவர். எனக்கும் மனசாட்சிக்கு அந்த எலும்பு போதுமானதாக இருந்தது.

மனைவி பள்ளிக்கூடம் போனபிறகு கூடையை எடுத்தேன். அப்பா வாசலில் நின்றார்.

"எங்க கொண்டுபோற?"

"கயத்தாறுக்கு. விட்டுட்டு வந்துருதேன்."

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "நானும் வாரேன். கூடைய யாராச்சும் பிடிக்கணும்லா" என்றார்.

பங்குனி வெயில். நான் ஸ்கூட்டரை ஓட்ட, அப்பா பின்னால் உட்கார்ந்து கூடையை மடியில் வைத்திருந்தார். பூனை வழியெல்லாம் ஒப்பாரி வைத்தது. அறுவடை முடிந்த காடு இருபுறமும் பாளம்பாளமாக வெடித்துக் கிடந்தது. தூரத்தில் காற்றாலைகள் தெரிய ஆரம்பித்தபோது அப்பா என் தோளைத் தட்டினார்.

"ஏலே, ஓரங்கட்டு. ஒண்ணுக்கு வருது."

நிறுத்தினேன். கூடையை என் காலடியில் வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்ற வேலிக்கருவை மரத்தைப் பார்த்து வேகமாக நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். அப்படியே நின்றுவிட்டார். வேட்டியின் பின்பக்கம் ஈரம் பரவி இறங்குவதை நான் பார்த்தேன். அவர் திரும்பவில்லை. ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது.

"ஏலே" என்றார், முதுகைக் காட்டியபடியே. "பூனை எங்கன இருக்கு?"

"இங்கனதாம்ப்பா இருக்கு. கூடைக்குள்ள."

"கூட மூடியிருக்கா?"

"மூடியிருக்கு."

"அப்பம் இத யாரு பேஞ்சா?"

அவர் திரும்பி வந்தார். கண் என்னைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தது.

"மெத்தையும் நான்தாம்லே. மொத நாளு பூனைன்னு வாயில வந்துட்டு. நீ ஒடனே நம்பிட்ட. எம்புட்டு சுளுவா நம்புன! பொறவு எப்படி மாத்திச் சொல்ல? நான் முழிக்கறதுக்குள்ள போயிருது. நான் என்ன செய்ய?"

"காயடிக்கக் கொண்டுபோகும்போதாவது சொல்லியிருக்கலாம்லாப்பா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அறுத்துட்டியளே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக்கூடாத நேரம் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. அப்பா முதலில் முறைத்தார். பிறகு அவருக்கும் தொற்றிக்கொண்டது. கஞ்சி மடிப்பு ஃபோர்மேனும் மகனும் ரோட்டோரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சிரித்து முடிந்தபோது அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது சிரித்ததால் மட்டும் வந்த தண்ணீர் இல்லை.

கருவை நிழலில் உட்கார்ந்து வேட்டி காயும்வரை காத்திருந்தோம். அந்தக் காற்றுக்குக் கால்மணி நேரம் போதுமாக இருந்தது. அப்பா சமாதானம் பேசுவதற்காகக் கம்பி இடுக்கில் விரலை விட்டார். பூனை கடித்துவிட்டது.

"சரிதான்" என்றார் அப்பா.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், மருமகளிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். ஆனால் சாயங்காலம் அவள் வந்து, கூடையையும் அழுக்கு வேட்டியையும் அவர் விரலில் சுற்றியிருந்த துணியையும் பார்த்து, "என்ன நடந்துச்சு?" என்று கேட்டதும், அவரே சொல்லிவிட்டார்.

அவள் அதிர்ச்சியடையவில்லை. "தெரியும் மாமா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நான்தான விரிப்ப தொவைக்கேன்? பூனை மூத்திரம் மூணு தண்ணிக்கும் போவாது. இது ஒரு தண்ணியில போயிருது."

"பொறவு ஏம்மா சொல்லல?"

"எப்படிச் சொல்ல? பூனைன்னா அதுக்குக் கோவமும் வராது, வெக்கமும் வராது. சரி, அது மேலயே கிடக்கட்டும்னு விட்டுட்டேன்."

பீரோவைத் திறந்து ஒரு ரப்பர் விரிப்பை எடுத்தாள். வாங்கி ஒரு மாதமாகிவிட்டதாம். எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாளாம். அப்பா அதை வாங்கி, தரம் பார்ப்பவர்போல விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்ல சரக்குதான்" என்றார்.

பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள். "அது சரி, கூடைய எதுக்கு எடுத்திய?"

நான் சொன்ன பதிலுக்குப் பிறகு இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. பூனை மூலமாகத்தான் பேசினாள். "சோறு எடுத்து வச்சிருக்குன்னு அவியகிட்ட சொல்லு தங்கம்" என்பாள். தங்கம் என்னைப் பார்க்காமலே படுத்திருக்கும்.

அந்த வாரமே அப்பாவைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனேன். ஸ்கேன் பார்த்தார்கள். ப்ராஸ்டேட் வீங்கியிருந்தது. வயதான ஆண்களுக்கு வருவதுதான், மாத்திரை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டர். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அறுக்கணுமோ? மறைக்காம சொல்லுங்க டாக்டர். எங்க வீட்டுல ஏற்கெனவே ஒருத்தனுக்கு அறுத்தாச்சு."

டாக்டர் என்னைத்தான் பார்த்தார்.

"நான் இல்ல டாக்டர், பூனை" என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

மாத்திரை வேலை செய்தது. முழுசாக இல்லை. வாரத்துக்கு மூன்று என்பது மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்றானது. பூனை ஒரு மாதத்துக்கு மேல் அப்பாவிடம் போகவில்லை. பிறகு ஏனோ அவர் கட்டிலில், கால்மாட்டில் படுக்க ஆரம்பித்தது. அவர் 'எந்தி மூதி' என்பார். ஆனால் காலை மட்டும் மடக்கிக்கொள்வார்.

எனக்குத்தான் கொஞ்சநாள் கூச்சமாக இருந்தது. அவர் பொய் சொன்னதைவிட நான் நம்பிய வேகம்தான் உறுத்தியது. வீட்டில் ஒரு வயதான மனிதர் இருக்கிறார், ஒரு மெத்தை நனைகிறது, ஒரு கால்நடை டாக்டரே சந்தேகப்படுகிறார், நான் மட்டும் பூனையின் வஞ்சத்தைப் பற்றி ஊரெல்லாம் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன். அப்பாவை அப்படி நினைத்துப் பார்ப்பதைவிடப் பூனையைத் தொலைப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

போன மாதம் அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். அவரும் வெள்ளை வேட்டி, அதே மிடுக்கு. முன்னறைக்குள் வந்ததும் மூக்கைச் சுளித்தார். கட்டிலில் கிடந்த பூனையைப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள பூனைய விட்டா இப்படித்தான் வாடை அடிக்கும்" என்றார்.

"பூனை இல்லப்பா, நான்தான். உக்காரு" என்றார் அப்பா.

வந்தவர் உட்கார்ந்தார். என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். மழை இல்லாததைப் பற்றி, மூடிப்போன மில்களைப் பற்றிக் கொஞ்சம் பேசினார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு திரும்பியபோது, நாற்காலியை அப்பாவின் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என்ன மாத்திரை எடுக்குத?"